இடது பக்கத் தாடி

ரிஷிகேஷில் எங்கள் சந்தில் இருபத்திரண்டு வீடுகள், ஒரு டீக்கடை, மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி, படித்துறையில் ஒரு மௌனி மகராஜ். சந்து முனையில் ருத்ராட்ச மாலைக் கடை வைத்திருப்பவள் நான். பிள்ளைகளுக்கெல்லாம் கமலேஷ் சாச்சி, அதாவது சித்தி. யார் வீட்டில் இன்று ராஜ்மா, யார் வீட்டில் நேற்றைய ரொட்டி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒட்டுக்கேட்பவள் இல்லை. என் கடை அப்படி அமைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மௌனி மகராஜ் படித்துறையின் மேல்படியில், அரசமரத்தடியில் இருப்பவர். பன்னிரண்டு வருடம் வாய் திறந்து ஒரு சத்தம்கூட எழுப்புவதில்லை என்று விரதம் எடுத்திருந்தார். எழுதிக் காட்டுவதும் கிடையாது. பதினொன்றே முக்கால் வருடம் ஓடி, அதற்குமேல் மாதங்களும் ஓடி, கடைசியில் ஒன்பதே ஒன்பது நாள்தான் பாக்கி. கங்கா தசரா திருவிழா அன்று முடிந்துவிடும். அதற்குள் ஒரு சத்தம் வந்தாலும் போயிற்று. திரும்ப முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவருக்குச் சாப்பாடு எங்கள் சந்துதான். வீட்டுக்கு ஒரு நாள் முறை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் முறை. இரண்டு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கொண்டுபோய் வைத்தேன். மகராஜ் தட்டைத் தள்ளிவிட்டார். இடது கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். என் உருளைக்கிழங்குக் கறியை யாரும் தள்ளியதில்லை.

நல்ல வேளையாக நௌட்டியால் பண்டிட்ஜி பக்கத்தில் இருந்தார். படித்தவர். எதற்கும் அர்த்தம் சொல்வார்.

"அடடா! கமலேஷ், கையை எங்க வச்சிருக்கார்னு பாத்தியா? காதுகிட்ட!"

"கன்னத்துல இல்ல வச்சிருக்கார்?"

"காதுகிட்ட! உள்ளுக்குள்ள ஒரு நாதம் கேக்குது அவருக்கு. பெரிய யோகிங்களுக்குத்தான் கேக்கும். அந்த நாதம் கேட்டுட்டா உருளைக்கிழங்கெல்லாம் எம்மாத்திரம்!"

மகராஜ் இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினார். பிறகு வாயை ஒரு கீற்று திறந்து, விரலை உள்ளே காட்டினார்.

பண்டிட்ஜி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாக்கை மடிச்சு அண்ணத்துல வச்சிட்டார்! அப்படி வச்சா உள்ள அமுதம் சொட்டும். இனிமே அவருக்குச் சோறே வேணாம்!"

மகராஜ் இரண்டு கையாலும் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பாத்தியா, நெத்தியைத் தொட்டுக் காட்டறார். புருவ மத்தியில சக்தி ஏறிடுச்சு!"

நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் கறியில் குறை இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

திங்கட்கிழமை இந்தச் செய்தி பாலத்தைத் தாண்டியது. யார் சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் வந்தது. மாலை போட்டார்கள். டீக்கடை ஜெய்பால் ஒரு பெஞ்சுக்கு மூன்று பெஞ்சு போட்டான். என் கடையிலும் மாலைகள் நன்றாகவே போயின. அமுதம் குடிப்பவருக்கு எதற்கு ரொட்டி என்று, முறை வந்த வீடுகள் சாப்பாடு அனுப்புவதையே நிறுத்திவிட்டன.

புதன்கிழமை மகராஜ் எழுந்து பஜார் பக்கம் நடக்க ஆரம்பித்தார். உடனே ஒருவர் சங்கு ஊதினார். ஒருவர் எங்கிருந்தோ டோலக்கோடு வந்தார். முன்னால் நாற்பது பேர், பின்னால் அறுபது பேர். ஊர்வலம் பல் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தது. மகராஜ் அங்கே நின்று படிக்கட்டையே பார்த்தார். மாடிக்கு ஆசீர்வாதம் செய்கிறார் என்று ஜெய்பால் சொன்னான். கூட்டம் அவரை அப்படியே சுமந்துகொண்டுபோய்க் கோயிலைச் சுற்றி, பழையபடி அரசமரத்தடியில் இறக்கிவிட்டது.

இனி தனுஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தனுஜா பண்டாரிக்குப் பதினொரு வயது. எதிர்வீட்டுப் பெண். தினமும் காலை ஆறு மணிக்கு, எல்லாருக்கும் அக்காவான வந்தனா தீதி படித்துறையில் பிள்ளைகளுக்குத் தியானம் சொல்லிக் கொடுக்கிறாள். ஆளுக்கு ஓர் அகல்விளக்கு. அந்தச் சுடரையே பார்க்க வேண்டும். தனுஜா அந்த வகுப்பிலேயே கடைசி. இதை அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள்.

"மனசுக்குள்ள ஒரு எண்ணம் வரும். வரட்டும். விரட்டாதீங்க. பாத்துட்டு விட்டுடுங்க, அதுவே போயிடும். நீங்க திரும்ப சுடருக்கு வாங்க" என்பாள் தீதி.

மற்ற பிள்ளைகள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். தனுஜாவின் மூக்கு மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

"தனுஜா, இன்னைக்கு எப்படி?"

"முப்பத்தேழு எண்ணம் வந்துச்சு தீதி. மீனுக்குத் தாகம் எடுக்குமா, குரங்குக்கு வழுக்கை விழுமா, அப்புறம் என் கணக்கு நோட்டு..."

"நான் கணக்கு வைக்கச் சொல்லலையே!"

"எத்தனைன்னு பாக்கலாமேன்னு தோணுச்சு. அது முப்பத்தெட்டாவது."

பிள்ளைகள் சிரிப்பார்கள். தனுஜாவும் சிரிப்பாள். ஆனால் வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் மெதுவாக நடப்பாள். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை மலைக்காற்று பலமாக அடித்தது. தனுஜாவின் விளக்கு அணைந்தது. ஏற்றினாள். அணைந்தது. மூன்றாம் முறை தீப்பெட்டியே காலி.

"தீதி, நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

"ஆசைதான்! வேற எதையாவது பாரு. அசையாத பொருளா பாத்துக்கோ."

தனுஜா சுற்றிலும் பார்த்தாள். கங்கை ஓடிக்கொண்டிருந்தது. கொடி ஆடியது. மாடு காதை ஆட்டியது. அசையாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த மௌனி மகராஜ். அவருடைய தாடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததை அவள்தான் என்னிடம் சொன்னாள். ஒரு தட்டு ஜிலேபி கொடுத்து நான்தான் கேட்டேன்.

முதலில் 'ஆட்டுத் தாடி மாதிரி இருக்கு' என்று ஓர் எண்ணம் வந்ததாம். விட்டுவிட்டாள். தாடிக்குத் திரும்பினாள். 'இதுல பேன் இருக்குமா?' அதையும் விட்டாள். 'பண்டிட்ஜி சொன்ன அமுதம் இனிக்குமா, உப்புக் கரிக்குமா?' இதை விடத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்ததாம். விட்டாள். 'இவர் பெரிய யோகி, இப்படி முறைச்சுப் பாத்தா தப்பில்லையா?' அதுவும் வந்தது, போனது.

அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. வெறும் தாடி. நரைத்த தாடி.

வெறும் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. வலது பக்கத்தைவிட இடது பக்கத் தாடி இரண்டு விரல் அளவு உப்பியிருந்தது. அதற்கு மேலே கன்னத்தின் தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடிக்குள் போய்க்கொண்டிருந்தது. கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் அவருடைய தோள் லேசாகத் துள்ளியது.

தனுஜா எழுந்தாள்.

"எங்க போறே? இன்னும் வகுப்பு முடியலையே!" என்றாள் தீதி.

"இதோ வந்துடறேன் தீதி."

மகராஜைச் சுற்றி அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. பண்டிட்ஜி எல்லாருக்கும் அந்தக் கண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீராம். நான் கூட்டத்தில் இரண்டாவது வரிசை. முதல் வரிசைக்கு முயன்றேன், கிடைக்கவில்லை.

தனுஜா கால்களுக்கிடையில் புகுந்து முன்னே வந்தாள். மகராஜ் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"மகராஜ், பல்லு வலிக்குதா?"

மகராஜ் அவளையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். தாடி நெஞ்சில் இடிக்கிற அளவுக்கு மேலும் கீழும் ஆட்டினார்.

இத்தனை வருடத்தில் அந்த மனிதரிடம் நாங்கள் எவ்வளவோ சொல்லியிருக்கிறோம். மகன் கல்யாணம், மாட்டுக்குக் காய்ச்சல், கரண்ட் பில். ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"எந்தப் பக்கம்? இடது பக்கமா?"

தலையாட்டினார்.

"எத்தனை நாளா?"

நான்கு விரல்களைக் காட்டினார்.

"நாலு வேதம்!" என்று ஆரம்பித்தான் ஜெய்பால். அப்புறம் வாயை மூடிக்கொண்டான்.

"நேத்து டாக்டர்கிட்ட போகத்தான் கெளம்பினீங்களா?"

மகராஜ் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்த இடத்தில் நான் இரண்டாவது வரிசையிலிருந்து நான்காவதுக்குப் போய்விட்டேன்.

"ஏ பொண்ணே, பெரியவங்க கூடியிருக்கற எடத்துல..." என்றார் பண்டிட்ஜி. குரலில் பாதிதான் இருந்தது.

"பசிக்குதா மகராஜ்?" என்று தனுஜா கடைசியாகக் கேட்டாள்.

அதற்கு அவர் தலையாட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாரும் வழி விடுங்க. சங்கு வேணாம் அங்கிள், ப்ளீஸ்" என்றாள் தனுஜா.

பல் ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்கு மேல் மாடியில். டாக்டர் பிஷ்ட் அப்போதுதான் கதவைத் திறந்து கையில் டீயோடு நின்றார். படிக்கட்டில் முப்பது பேர் ஏறி வருவதைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாருக்குமா பல் வலி?"

மகராஜை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். டாக்டர் விளக்கைப் போட்டார்.

"நல்லா வாயைத் திறங்க மகராஜ். 'ஆ' சொல்லுங்க."

மகராஜ் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"'ஆ' சொல்லக்கூடாது டாக்டர் சாப்! விரதம்! இன்னும் அஞ்சே நாள்தான்" என்று பதறினாள் வந்தனா தீதி.

"'ஆ' எல்லாம் ஒரு பேச்சா?" என்றான் ஜெய்பால்.

"சத்தம் சத்தம்தான். சின்னதா இருந்தா மட்டும் சத்தம் இல்லேன்னு ஆயிடுமா?" என்றார் பண்டிட்ஜி.

"அப்போ கொட்டாவி?"

"கொட்டாவி விரதத்துல வராது. சத்தமில்லாம விட்டா."

"யோவ், விவாதத்தைக் கீழ போய் வச்சுக்கங்க!" என்று டாக்டர் கத்தினார். "மகராஜ், சொல்ல வேணாம். சும்மா திறங்க. மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் பல்லைப் புடுங்குவேன்."

ஊசி என்றதும் மகராஜின் உதடுகள் தாடிக்குள் காணாமலே போய்விட்டன. கெஞ்சிப் பார்த்தார்கள். கும்பிட்டுப் பார்த்தார்கள். யோக பலத்தால் தாடை பூட்டிக்கொண்டுவிட்டது என்றார் ஒருவர்.

தனுஜா நாற்காலியின் கால்பக்கம் நின்றிருந்தாள். காவித் துணிக்கு வெளியே மகராஜின் பத்துக் கால்விரல்களும் நண்டு மாதிரி சுருண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது. நானாக இருந்தால் பஜார் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

"டாக்டர் அங்கிள், எல்லாரையும் வெளிய அனுப்புங்களேன். காத்தே வரல" என்றாள்.

எல்லாரும் வெளியே போனோம். நானும் போனேன். திரைச்சீலைக்கு வெளியே என் கால் இருந்தது. கண் மட்டும் உள்ளே இருந்தது.

தனுஜா ஒரு ஸ்டூலை இழுத்து மகராஜுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். அவருடைய காதுப் பக்கம் குனிந்தாள்.

"மகராஜ், பயம் வந்தா வரட்டும். விரட்டாதீங்க. பாத்துட்டு விட்டுடுங்க, அதுவே போயிடும். எனக்குத் தீதி சொன்னது. நான் இதுல ரொம்ப மோசம். முப்பத்தெட்டு தடவை திரும்ப வரும். முப்பத்தெட்டு தடவையும் விடணும், அவ்வளவுதான்."

பன்னிரண்டு வருடமாக அரசமரத்தடியில் அதையே செய்துகொண்டிருப்பவரிடம் இதைச் சொன்னாள்! டாக்டர் சிரிப்பை அடக்க மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டார். மகராஜ் சிரிக்கவில்லை. முதல்முறை கேட்பவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த காலண்டரைப் பாருங்க. மலைப் படம். அசையாது" என்றாள்.

மகராஜ் காலண்டரைப் பார்த்தார். சிறிது நேரம் போயிற்று. கால்விரல் ஒன்று நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று.

விரல்கள் நிமிர்ந்தும் வாய் திறக்கவில்லை. நான்கு நாள் இறுக்கிய தாடை, பழகிவிட்டது போலிருக்கிறது.

தனுஜா தன் வாயைத் திறந்தாள். மெதுவாக, காதுவரைக்கும் திறந்தாள். கண் சுருங்க, மூக்கு விரிய, சத்தமே இல்லாமல் ஒரு கொட்டாவி விட்டாள்.

டாக்டர் பார்த்தார். பாவம், அவர் காலை டீகூடக் குடிக்கவில்லை. அவருக்கும் ஒன்று வந்தது. பஞ்சு எடுத்துக்கொடுக்கிற பையனுக்கும் வந்தது. திரைக்குப் பின்னால் எனக்கும் வந்தது.

தனுஜா இரண்டாவதாக ஒன்று விட்டாள். முதலாவதைவிடப் பெரியது.

மகராஜின் மூக்கு துடித்தது. கண்ணில் தண்ணீர் கோத்தது. தாடி இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒரு குகை திறந்தது.

"அப்படியே! அப்படியே இருங்க!" டாக்டரின் கண்ணாடியும் விளக்கும் உள்ளே போயின. "அம்மாடி, கடைவாய்ப் பல்லு. எப்படித்தான் தாங்கினீங்களோ!"

ஊசி போட்டார். மகராஜின் கண் மலைப் படத்தில் இருந்தது. டாக்டர் பல் மரத்துப்போகக் காத்திருந்தார். ஆட்டினார், அசைத்தார், இழுத்தார். என் கை தானாக என் கன்னத்துக்குப் போயிற்று. தனுஜா ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மகராஜிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. டிரேயில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது பல்.

"விரதம் பத்திரம்!" என்று நான் கத்திவிட்டேன். அப்படித்தான் நான் அங்கே நின்றது எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தப் பல்லை யார் வைத்துக்கொள்வது என்று படிக்கட்டில் ஒரு சண்டை நடந்தது. கோயிலில் வைக்க வேண்டும் என்றார் ஒருவர். வெள்ளியில் கட்டித் தருகிறேன் என்றான் ஜெய்பால். டாக்டர் அதைக் காகிதத்தில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடியை மூடினார். தனுஜா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். மணி எட்டரை ஆகியிருந்தது.

சாயங்காலம், வீக்கம் பாதி இறங்கியதும், டாக்டர் சொன்னபடி ஆறிய கிச்சடி. என் வீட்டுக் கிச்சடிதான், நெய் கொஞ்சம் கூடவே விட்டேன். தனுஜாதான் எடுத்துக்கொண்டு போனாள். சந்தே பின்னால் போனது. சங்கு, டோலக் எதுவும் இல்லை.

மகராஜ் வலது பக்கமாக மெதுவாகச் சாப்பிட்டார். ஒரு கிண்ணம். இரண்டு. மூன்றாவதை வழித்து விரலை நக்கினார். நான்காவதுக்கு ஜெய்பால் வீட்டிலிருந்து வந்தது. ஒருவர் சாப்பிடுவதை இவ்வளவு பேர் இவ்வளவு அமைதியாகப் பார்த்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் மகராஜ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வயிற்றைத் தடவினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். வயிற்றின் அடியிலிருந்து உருண்டு திரண்டு வந்தது அது. எதிர்க்கரையில் நின்ற மாடுகூடத் திரும்பிப் பார்த்திருக்கும்.

கூட்டம் திடுக்கிட்டது. இது விரதத்தில் சேருமா சேராதா என்று எல்லாரும் பண்டிட்ஜியைப் பார்த்தார்கள். பண்டிட்ஜி கையை உயர்த்தினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, கையைக் கீழே போட்டுவிட்டுத் தனுஜா பக்கம் திரும்பினார்.

"ஏப்பம்தானேம்மா?"

"ஏப்பம்தான் பண்டிட்ஜி" என்றாள் தனுஜா.